315-ஆம் இடத்தில் ஓர் எழுத்து

1912-இல் பிராக் நகரில் ஹான்ஸ் மேயர், யோசப் மாலி என்ற இரு வேதியியலாளர்கள் ஒரு புதிய சேர்மத்தைத் தயாரித்தார்கள். வெள்ளைப் பொடி, தண்ணீரில் கரையும். தயாரித்த முறையை ஆய்வுக்கட்டுரையாக எழுதியதோடு அவர்கள் வேலை முடிந்தது. அது ஏதாவது நோய்க்கு மருந்தாகுமா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அடுத்த 40 ஆண்டுகள் அது வேதியியல் நூல்களில் ஒரு வரியாகவே கிடந்தது. அதே 40 ஆண்டுகளில் காசநோய் உலகெங்கும் கோடிக்கணக்கானோரைக் கொண்டுபோனது.

அந்தப் பொடிதான் ஐசோனியசிட். 1952-இல் ரோஷ், ஸ்குவிப், பேயர் என்ற மூன்று மருந்து நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று தெரியாமலே அதைக் காசநோய் மருந்தாகக் கண்டடைந்தன. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ மருத்துவமனையில், கைவிடப்பட்ட நிலையில் இருந்த நோயாளிகளுக்கு இதையும் இதன் நெருங்கிய உறவான இப்ரோனியசிட்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கியது, பசி எடுத்தது, எடை கூடியது. படுக்கையை விட்டு எழமாட்டார்கள் என்று எண்ணப்பட்டவர்கள் வார்டில் ஆடிப்பாடும் படங்கள் பத்திரிகைகளில் வெளியாயின. 1912-லேயே அறியப்பட்ட பொருள் என்பதால் அதற்கு யாரும் காப்புரிமை கோர முடியவில்லை. அதனால் விலையும் மிகக் குறைவு. ஏழை நாடுகளுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது என்றே அன்று தோன்றியது.

மகிழ்ச்சி சில மாதங்கள்கூட நீடிக்கவில்லை. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்து நோயாளிகளைக் கண்காணித்தது. மூன்றாம் மாத முடிவில், சளியில் இன்னும் கிருமி இருந்தவர்களில் பெரும்பாலோருடைய கிருமி அந்த மருந்துக்கு அசையவில்லை.

காசநோயின் மருந்து எதிர்ப்பு எங்கிருந்து தொடங்குகிறது, எந்த வரிசையில் ஏறுகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. அதற்கான விடை ஐசோனியசிட்டின் கதைக்குள்தான் இருக்கிறது. கிருமியின் 44 லட்சம் மரபு எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்தில் அந்தக் கதை குவிகிறது.

அவசரப்படாத கிருமி

மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் இதை உலகுக்கு அறிவித்தார். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா, சூழல் வாய்த்தால் 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமி ஒருமுறை பிரிவதற்கு ஒரு நாளை ஒட்டி எடுத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் முட்டையும் பச்சைச் சாயமும் கலந்த ஊடகத்தில் சளியை விதைத்தால், கண்ணுக்குத் தெரியும் கூட்டமாக அது வளர மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். வறண்டு, சொரசொரப்பாக, மங்கிய மஞ்சள் நிறத்தில் மேடுமேடாக எழும்பும்.

கிருமியின் உறைதான் அதன் பெரிய பலம். மைக்காலிக் அமிலம் என்னும் மிக நீண்ட கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன மெழுகுப் படலம் அதைச் சுற்றியிருக்கிறது. தண்ணீர் எளிதில் புகாது. பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகளும் புகாது. ஒருமுறை ஏறிய சாயத்தை அமிலம் ஊற்றிக் கழுவினாலும் விடாது. சளியில் கிருமி தேடும் பரிசோதகர்கள் நூறாண்டுக்கும் மேலாக மைக்ராஸ்கோப்பில் தேடிவந்த சிவப்புக் குச்சிகள் இந்தக் குணத்தால்தான் தெரிகின்றன.

நோயாளி இருமும்போது வெளிவரும் நுண்துளிகளில் மிகச் சிறியவை, சில மைக்ரான் அளவே உள்ளவை, காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். அவற்றை மூச்சோடு இழுப்பவரின் நுரையீரல் காற்றுப்பை வரை கிருமி போய்ச் சேரும். அங்கே காவலுக்கு நிற்பவை மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கும் செல்கள். விழுங்கிய கிருமியை ஒரு பைக்குள் அடைத்து, செரிமான நொதிகள் நிறைந்த இன்னொரு பையை அதனோடு சேர்த்துக் கரைப்பது அவற்றின் வழக்கம். காசநோய்க் கிருமி அந்தச் சேர்க்கையைத் தடுத்துவிடுகிறது. 1971-இல் லண்டனில் ஆர்ம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் ஆகியோர் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இதைக் கண்டார்கள். தன்னைக் கொல்ல வந்த செல்லையே கிருமி வீடாக்கிக்கொள்கிறது.

செல்லுக்கு இன்னோர் ஆயுதமும் உண்டு: ஹைட்ரஜன் பெராக்சைடு. புண் கழுவப் பயன்படும் அதே பொருள்தான். அதை எதிர்கொள்ளக் கிருமியிடம் ஒரு நொதி இருக்கிறது. கேட்-ஜி என்னும் மரபணுவின் கட்டளைப்படி உருவாகும் இந்த கேடலேஸ் நொதி, பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துப்போடும். இந்த நொதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போவது இதன் கதை.

உலக மக்களில் சுமார் கால்வாசிப் பேரின் உடலில் இந்தக் கிருமி தொற்றியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆகிறவர்கள் 5 முதல் 10 சதவீதம்தான். மற்றவர்களின் உடல் கிருமியைச் சுற்றி அரண் கட்டி வைத்துவிடுகிறது. சத்துக்குறைவு, சர்க்கரை நோய், எச்.ஐ.வி., புகை, மது ஆகியவை அந்த அரணைத் தளர்த்துகின்றன. அரண் உடைந்தால் நுரையீரல் திசு அழுகிக் குழியாகும். அப்படி ஒரு குழியில் 10 கோடி முதல் 100 கோடி வரை கிருமிகள் இருக்கலாம். அடுத்து வரும் கணக்குக்கு இந்த எண் தேவை.

குமிழ் வராத புட்டி

ஐசோனியசிட் தானாகக் கிருமியைக் கொல்வதில்லை. கிருமிக்குள் புகும்போது அது செயலற்ற ஒரு பொருள்தான். கிருமியின் கேட்-ஜி நொதி அதைத் தொட்டதும்தான் அது வேதிமாற்றம் அடைந்து, உள்ளே இருக்கும் என்.ஏ.டி. என்ற மூலக்கூறுடன் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டுப்பொருள் மைக்காலிக் அமிலம் தயாரிக்கும் வேறொரு நொதியை அடைத்துவிடுகிறது. மெழுகுப் படலம் கட்ட வழியின்றிக் கிருமி சாகிறது. தன்னைக் காப்பாற்றும் நொதியைக் கொண்டே கிருமி தனக்கான நஞ்சைத் தயாரித்துக்கொள்கிறது.

இந்த விவரம் எதுவும் 1950-களில் தெரியாது. தெரிந்தது ஒரு தடயம் மட்டும். அமெரிக்காவின் டென்வர் நகரில் கார்ட்னர் மிடில்புரூக், ஐசோனியசிட்டுக்கு அசையாத கிருமிகளை வளர்த்து, அந்தக் கூட்டங்களின் மேல் பெராக்சைடு விட்டுப் பார்த்தார். சாதாரணக் கிருமிகளின் மேல் விட்டால் கேடலேஸ் வேலை செய்து ஆக்சிஜன் குமிழ்கள் பொங்கி வரும். மருந்தை வென்ற கிருமிகள் பலவற்றில் குமிழே வரவில்லை. புட்டி அமைதியாக இருந்தது. அந்தக் கிருமிகளைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினால் நோயும் மிக லேசாகவே வந்தது.

1954-இல் வெளியான இந்த முடிவு மருத்துவர்களுக்குப் பெரிய ஆறுதல் தந்தது. கேடலேஸை இழந்தால்தான் கிருமிக்கு மருந்திலிருந்து தப்ப முடிகிறது. இழந்தாலோ உடலின் பெராக்சைடுக்கு எதிராக நிற்க முடிவதில்லை. அப்படியானால் எதிர்ப்பு வந்தாலும் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், பலவீனமான கிருமி தானாக அடங்கிவிடும் என்று நம்ப இடம் இருந்தது.

அந்த நம்பிக்கையை ஆட்டம் காண வைத்த சான்றுகளில் ஒன்று சென்னையிலிருந்து போனது.

சேத்துப்பட்டிலிருந்து

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இயங்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை ஏற்றார். காசநோயாளியை சானடோரியத்தில் சேர்த்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம். இந்தியாவில் இருந்த நோயாளிகளுக்கோ அவ்வளவு படுக்கைகள் கிடையாது. ஒரே அறையில் குடும்பமே வாழும் வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு, வேலைக்கும் போய்க்கொண்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டால் குணமாகுமா என்பதுதான் கேள்வி.

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு தரப்பினரை சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து, இரு தரப்பினருக்கும் ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ். என்ற மருந்தும் ஓர் ஆண்டு கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வந்தது. சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம் நல்ல பலன். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. வீட்டிலிருந்தபடி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக் குணமாகும் ஒவ்வொரு நோயாளியும் அந்த ஆய்வுக்குக் கடன்பட்டவர். சென்னை நகரின் ஏழை வீடுகளில் வாழ்ந்தவர்கள், தங்கள் நோயைக்கொண்டு உலகுக்கு ஒரு வழி காட்டினார்கள். அதை நாம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

சென்னை மையம் எழுப்பிய வேறு இரண்டு கேள்விகள்தான் நம் கதைக்கு நேரடியாகத் தேவை.

பி.ஏ.எஸ். விலை கூடிய மருந்து. கைநிறைய விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். மலிவான ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்தால் போதாதா என்பது முதல் கேள்வி. 1960-இல் விடை வெளியானது: போதாது. ஐசோனியசிட்டை எந்த அளவில் தனியாகக் கொடுத்தாலும் இரண்டு மருந்துகள் சேர்ந்து தந்த பலனுக்கு அது கீழேதான் நின்றது. ஐசோனியசிட்டைச் சிலர் உடல் வேகமாக அழித்துவிடும், சிலர் உடல் மெதுவாக அழிக்கும் என்ற பரம்பரை வேறுபாட்டையும் சென்னையில் விரிவாக ஆராய்ந்தார்கள். மருந்தைத் தனியாகச் சாப்பிட்டவர்களில் வேகமாக அழிப்பவர்களுக்குப் பலன் இன்னும் குறைந்தது.

இரண்டாவது கேள்வி கிருமியின் வீரியம் பற்றியது. சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளை லண்டனில் டெனிஸ் மிச்சிசன் குழுவினர் கினிப்பன்றிகளில் சோதித்தார்கள். பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளோடு ஒப்பிட்டால் தென்னிந்தியக் கிருமிகளில் பல, கினிப்பன்றியை லேசாகவே தாக்கின. பெராக்சைடுக்கும் எளிதில் மடிந்தன. இத்தனைக்கும் அவை மருந்தைப் பார்த்திராத, ஐசோனியசிட்டுக்கு அடங்கும் கிருமிகள். ஆனால் அவை வந்தது பெருங்குழிகள் விழுந்த நுரையீரல்களிலிருந்து. கினிப்பன்றியிடம் தோற்ற கிருமி, மனிதரிடம் தோற்கவில்லை. விலங்கில் பலவீனம் தெரிந்தால் மனிதருக்கு ஆபத்தில்லை என்ற ஆறுதலுக்கு அடித்தளம் உறுதியாக இல்லை என்பது இதிலிருந்து புரிந்தது.

வாசலைக் குறுக்கிய மாற்றம்

குமிழ் வராத புட்டிக்கான காரணம் தெரிய 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு யிங் ஜாங், டக்ளஸ் யங், ஸ்டூவர்ட் கோல் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் கேட்-ஜி மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். ஐசோனியசிட்டை வென்ற சில கிருமிகளில் அந்த மரபணுவே காணாமல் போயிருந்தது. மிடில்புரூக் கண்டது சரிதான்.

ஆனால் நோயாளிகளிடமிருந்து வந்த கிருமிகளை மேலும் மேலும் ஆராய்ந்தபோது வேறொரு காட்சி தெரிந்தது. பெரும்பாலானவற்றில் கேட்-ஜி முழுசாக இருந்தது. ஒரே ஓரிடம் மட்டும் மாறியிருந்தது. புரதம் என்பது அமினோ அமிலங்களின் வரிசை. டி.என்.ஏ.வின் மூன்று எழுத்துகள் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். கேட்-ஜி புரதத்தின் 315-ஆம் இடத்தில் இருக்க வேண்டியது செரின். அதற்கான எழுத்துகள் ஏ-ஜி-சி. மாறிய கிருமியில் அங்கே ஏ-சி-சி. நடு எழுத்து ஜி-க்குப் பதில் சி. அதனால் செரினுக்குப் பதில் திரியோனின் வந்து அமர்கிறது. இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சிறியது: ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட ஒரு சின்னக் கொத்து.

அந்தக் கொத்து அமரும் இடம்தான் முக்கியம். நொதியின் செயல் மையத்துக்குப் போகும் குறுகிய வழியில் அது நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆள் நுழையலாம், கட்டில் நுழையாது என்னும்படி வாசல் குறுகிவிடுகிறது. சிறிய மூலக்கூறான பெராக்சைடு முன்போலவே உள்ளே போகிறது. பெரிய மூலக்கூறான ஐசோனியசிட்டுக்கு இடம் கிடைப்பதில்லை. நொதி கிருமியைக் காக்கும் வேலையைப் பெருமளவு தொடர்ந்து செய்கிறது. மருந்தை நஞ்சாக்கும் வேலையை மட்டும் விட்டுவிடுகிறது. புட்டியில் குமிழும் வரும், மருந்தும் பலிக்காது.

உலகெங்கும் ஐசோனியசிட் எதிர்ப்புக் கிருமிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் இருப்பது இந்த 315-ஆம் இட மாற்றம்தான். மரபணுவையே இழந்த கிருமிகள் ஆய்வகத்தில் தாராளமாகக் கிடைக்கும். நோயாளிகளிடம் பரவுவது அரிது. 1954-இன் ஆறுதல் தவறிய இடம் இதுதான். எதிர்ப்புக்கு விலை உண்டு, உண்மை. எத்தனையோ வழிகளில் கிருமி மருந்திலிருந்து தப்பலாம். அவற்றில் ஆளுக்கு ஆள் பரவி நிலைப்பது, மிகக் குறைந்த விலையில் தப்பியது.

நூறு லட்சம் கோடியில் ஒன்று

மருந்து கிருமியை மாற்றுவதில்லை. மாறிய கிருமி, மருந்து வருவதற்கு முன்பே இருக்கிறது. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து தவறும். அப்படித் தவறியதில் ஐசோனியசிட்டுக்கு அசையாதது ஏறத்தாழ 10 லட்சம் கிருமிகளில் ஒன்று. காசநோயின் இன்னொரு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அசையாதது ஏறத்தாழ 10 கோடியில் ஒன்று.

100 கோடிக் கிருமிகள் உள்ள ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே அங்கே ஐசோனியசிட்டுக்கு அசையாத கிருமிகள் ஆயிரம் இருக்கும். ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்தால் மற்றவை எல்லாம் மடிய, இந்த ஆயிரமும் பெருகிக் குழியை நிரப்பும். நோயாளி முதலில் தேறி, பிறகு சரிவார். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தைத் தனியாகக் கொடுத்து, 1948-இல் வெளியான பிரிட்டனின் ஆய்விலும் இதுவே நடந்தது. முதல் ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். மருந்தின்றி ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேர். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வித்தியாசம் சுருங்கிப்போனது.

இரண்டு மருந்தையும் ஒன்றாகக் கொடுத்தால் கணக்கே மாறும். இரண்டுக்கும் ஒரே சமயத்தில் அசையாத கிருமி தற்செயலாகத் தோன்ற, 10 லட்சத்தை 10 கோடியால் பெருக்க வேண்டும்: நூறு லட்சம் கோடியில் ஒன்று. அத்தனை கிருமி ஒருவர் உடலில் இருக்காது. காசநோய்க்கு மூன்று, நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் அடிப்படை இந்தப் பெருக்கல்தான். கிருமிக்கு எதிராக நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய பலமும் அதுவே. பல பாக்டீரியாக்கள் எதிர்ப்பு மரபணுக்களை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொள்ளும். காசநோய்க் கிருமிக்கு அந்த வழக்கம் இல்லை. அதன் எதிர்ப்பு ஒவ்வொன்றும் அதன் சொந்த டி.என்.ஏ.வில், ஒவ்வோர் எழுத்தாக வர வேண்டும்.

அப்படியிருந்தும் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே அசையாத கிருமி உலகில் பரவியிருக்கிறது. 2023-இல் ரிஃபாம்பிசினுக்கு அசையாத காசநோய் சுமார் 4 லட்சம் பேருக்கு வந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெருக்கல் கணக்கு பொய்யாகவில்லை. கிருமி ஒவ்வொரு படியாக ஏற நாம் அவகாசம் கொடுத்தோம், அவ்வளவுதான். ஒரு மருந்து கையிருப்பில் இல்லாமல் போன மாதங்கள், மருந்தை வேகமாக அழித்துவிடும் உடல்கள், குழியின் நடுவரை எட்டாத மருந்துகள் எல்லாம் ஏதோ ஒரு கட்டத்தில் கிருமியை ஒரே மருந்தின் முன் நிறுத்தின.

தூகேலா ஃபெரி

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் தூகேலா ஃபெரி என்று ஒரு சிற்றூர். 2005 ஜனவரி முதல் 2006 மார்ச் வரை அங்கிருந்த மருத்துவமனையில் சளியைச் சோதித்ததில், 53 பேருக்கு அன்றிருந்த முக்கிய மருந்துகள் பெரும்பாலானவற்றுக்கும் அசையாத காசநோய் இருந்தது. அவர்களில் 52 பேர் இறந்தார்கள். சளி எடுத்த நாளிலிருந்து அவர்களில் பாதிப் பேர் 16 நாள்கூட உயிரோடு இல்லை. எச்.ஐ.வி. சோதனை செய்யப்பட்ட 44 பேருக்கும் அந்தத் தொற்று இருந்தது. இந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் அதற்கு முன் காசநோய்க்கு ஒரு மாத்திரைகூடச் சாப்பிட்டதில்லை. யாரோ ஒருவரின் உடலில் உருவான எதிர்ப்பு, காற்றின் வழியே முழுசாக வந்து சேர்ந்திருந்தது. தொற்றிய இடங்களில் மருத்துவமனையின் வார்டுகளும் இருந்தன.

இந்தக் கிருமி எப்போது உருவானது? 1998-இல் ஸ்டூவர்ட் கோல் தலைமையில் காசநோய்க் கிருமியின் 44 லட்சம் எழுத்துகளும் சுமார் 4,000 மரபணுக்களும் முழுமையாகப் படிக்கப்பட்டன. பிறகு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கிருமிகளை அதே முறையில் படித்து ஒப்பிட முடிந்தது. இந்தக் கிருமியின் டி.என்.ஏ.வில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஓர் எழுத்து மாறுகிறது. எத்தனை எழுத்துகள் வேறுபடுகின்றன என்று எண்ணினால், இரு கிருமிகளின் பொது மூதாதை எப்போது வாழ்ந்தது என்று கணிக்கலாம். குவாசுலு-நட்டாலின் கிருமிகளை இப்படிப் படித்த ஆய்வு 2015-இல் வெளியானது.

அதில் தெரிந்த வரிசை இது. ஐசோனியசிட் எதிர்ப்பு, அதே 315-ஆம் இட மாற்றம், 1957-ஐ ஒட்டி வந்துவிட்டது. மருந்து வந்து ஐந்தே ஆண்டுகள். ரிஃபாம்பிசினுக்கும் சேர்த்து அசையாத நிலை 1980-களின் நடுவில் வந்தது. மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்த முழு நிலை 1990-களின் நடுவில் வந்தது. 2005-இல் உலகம் அதிர்ந்தபோது அந்தக் கிருமிக்குப் பத்து வயது. அதன் முதல் படிக்கு ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது.

இது தென்னாப்பிரிக்காவில் மட்டும் நடந்த தற்செயலா? 2017-இல் ஐந்து கண்டங்களைச் சேர்ந்த 5,310 கிருமிகளின் மரபு வரிசைகளை ஒப்பிட்ட ஆய்வு வந்தது. எந்தக் கண்டமானாலும், எந்தக் கிருமிக் குலமானாலும், எந்தக் காலமானாலும் பெரும்பாலும் 315-ஆம் இட மாற்றமே முதலில் வந்திருந்தது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பு அதன் பிறகுதான். வலுவான எதிர்ப்பு ஏணியில் ஐசோனியசிட்தான் முதல் படி.

பார்க்காமல் விட்ட படி

2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பர்ட் என்னும் சோதனையைப் பரிந்துரைத்தது. சளியைக் கருவியில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று சொல்லிவிடும். கிருமியின் ஆர்-பி-ஓ-பி என்ற மரபணுவில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதியை அது படிக்கிறது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பில் 95 சதவீதம் அந்தப் பகுதியில்தான் பதிவாகிறது. வாரக்கணக்கில் காத்திருந்த நோயாளிக்கு அன்றைக்கே விடை. கோவாவில் உருவான ட்ரூநாட் கருவியும் இதே வேலையைச் சிறிய மருத்துவமனைகளுக்குக் கொண்டுசென்றது. இவை காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

ஆனால் அவை பார்ப்பது இரண்டாவது படியை. முதல் படியில் ஏறி நிற்கும் கிருமியை அவை 'எதிர்ப்பு இல்லை' என்றே காட்டும். இந்தியாவில் 2014-16-இல் நடந்த தேசிய ஆய்வில், முன்பு சிகிச்சை பெறாத புதிய நோயாளிகளில் 11 சதவீதத்தினரின் கிருமி ஐசோனியசிட்டுக்கு அடங்கவில்லை. முன்பு சிகிச்சை பெற்றவர்களில் அது 25 சதவீதம். இரண்டு மருந்துக்கும் அசையாத கிருமியோ புதியவர்களில் சுமார் 3 சதவீதமே. அதாவது, புதிய நோயாளிகளில் ஐசோனியசிட்டை வென்ற கிருமிகளில் பெரும்பாலானவை இன்னும் அடுத்த படி ஏறவில்லை. தடுக்க வேண்டிய இடம் அதுதான்.

தடுக்காவிட்டால் என்ன ஆகும்? ஆறு மாதச் சிகிச்சையில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். பிந்தைய நான்கு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் மட்டும் கொடுப்பது உலகில் நெடுநாள் வழக்கம். ஐசோனியசிட்டுக்கு அடங்காத கிருமி உள்ளவர் அந்த நான்கு மாதமும் உண்மையில் ரிஃபாம்பிசினை மட்டுமே சாப்பிடுகிறார். மாத்திரை ஒன்றையும் தவறவிடாத நோயாளிக்கும் இது நேரலாம். இந்தியா பிந்தைய மாதங்களிலும் மூன்றாவது மருந்தாக எத்தாம்புட்டாலைச் சேர்த்துக் கொடுப்பதன் காரணம் இதுதான். அது நல்ல பாதுகாப்பு. ஆனால் சோதனைக்கு மாற்று அல்ல. கேட்-ஜி, ஆர்-பி-ஓ-பி இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பட்டைச் சோதனை 2008 முதலே இருக்கிறது. அதற்கு நல்ல ஆய்வகம் தேவைப்படுவதால் எல்லாருடைய சளியும் அங்கே போய்ச் சேருவதில்லை, சேர்ந்தாலும் விடை தாமதமாகிறது.

மருந்து எதிர்ப்புக் காசநோய் என்றதும் 'மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாததால் வந்தது' என்று நோயாளியைக் கைகாட்டுவது நம்மிடம் பழகிப்போன பேச்சு. மரபணுச் சான்று அந்தப் பேச்சை ஏற்கவில்லை. குவாசுலு-நட்டாலில் 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வு, மிகத் தீவிரமான எதிர்ப்புக் காசநோயில் சுமார் 69 சதவீதம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது என்று காட்டியது. அவர்கள் எந்த மாத்திரையையும் தவறவிடவில்லை. மூச்சு விட்டார்கள், அவ்வளவே.

இப்போது நம்மிடம் புதிய மருந்துகள் இருக்கின்றன. 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாகுயிலின், கிருமியின் ஆற்றல் தயாரிக்கும் நொதியையே முடக்குகிறது. அதனோடு பிரெட்டோமானிட், லினெசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த ஆறு மாத மாத்திரைச் சிகிச்சையை 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2024-இல் இந்தியாவும் ஏற்றது. காது கேளாமல் செய்துவிடும் ஊசிகளோடு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் நீண்ட பழைய சிகிச்சையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பெடாகுயிலினுக்கு அசையாத கிருமிகளும் ஏற்கெனவே பதிவாகிவிட்டன. மருந்தை வெளியே தள்ளும் ஒரு பம்பைக் கட்டுப்படுத்தும் மரபணு பழுதானால் போதும், கிருமிக்கு அதன் முதல் படி கிடைத்துவிடும்.

எனவே செய்ய வேண்டியது தெளிவு. காசநோய் என்று தெரியும் நாளிலேயே, எல்லா நோயாளியின் சளியிலும் ரிஃபாம்பிசினோடு ஐசோனியசிட்டையும் சோதிக்க வேண்டும். புதிய மருந்து ஒன்றைக் கொடுக்கத் தொடங்கும் ஊரில், அதன் எதிர்ப்பைக் கண்டறியும் வசதியும் கூடவே வர வேண்டும். நான்கு மருந்தில் ஒன்றுகூட ஒரு வாரமும் கையிருப்பு தீராமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை. மருத்துவமனை வார்டுகளில் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். காற்று ஓட வேண்டும். இவற்றில் எதுவும் இனிமேல் கண்டுபிடிக்க வேண்டிய அறிவியல் அல்ல. எங்கே பார்க்க வேண்டும் என்பது 1992 முதல் நமக்குத் தெரியும். கிருமி இரண்டாம் படியில் கால் வைப்பதற்கு முன் அதைப் பிடிக்க முடியும், பிடிக்க வேண்டும்.